தட்டு லொறிக் காக்கா

நாலு பேர் முன்னால் யாராவது வெட்கப்பட்டு நிற்கப் போகிறார்கள் என்று கண்டால், அவர் முந்திக்கொண்டு அந்த வெட்கத்தைத் தான் வாங்கிக்கொள்வார். நல்ல குணம் என்று இப்போது எழுதலாம். அந்தக் காலத்தில் எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஓர் ஆம்பிளைக்கு ரோசம் வேண்டாமா என்று உம்மாவிடம் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

ஒரு கலியாண வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் புத்தளத்தில் விருந்தென்றால் சஹன்தான்; ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவருடைய சஹனில் வயதான மனிதர் ஒருவரும் இருந்திருக்கிறார். சாப்பிட்டு எழும்பும்போது அந்தக் கிழவரின் மடியிலிருந்து, லேஞ்சித் துணியில் சுற்றிய கோழிக்கால் ஒன்று பாயில் விழுந்துவிட்டது. வீட்டில் படுக்கையில் கிடக்கும் மனைவிக்கென்று ஒளித்துவைத்தது. மற்றவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் இவர், "அட, அது என்ட" என்று எடுத்துத் தன் சேட்டுப் பொக்கட்டில் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சேட்டு, மஞ்சள் எண்ணெய். என் மூத்த சகோதரர், என் நானா, அந்த விருந்துக்குப் போயிருந்தார். வீட்டுக்கு வந்து அதை நடித்தே காட்டினார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். மாசக்கணக்காக ஊரில் அவருக்குக் 'கோழிக்கால்' என்றுதான் பெயர்.

உண்மையை எனக்குச் சொன்னது அந்தக் கிழவரின் மனைவி. விருந்து முடிந்த கையோடு இவர் அவர்கள் வாசலுக்கு வந்து, "ஒங்கட சாமான் ஒண்டு மாறி என்ட பொக்கட்டுக்குள்ள வந்திட்டு" என்று கொடுத்துவிட்டுப் போனாராம். நான் அதை நானாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பினால் கதையின் ருசி போய்விடும் அல்லவா.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் ஒரு பிள்ளைக்குச் சொன்னது பொய்யாகிவிடும்; அது என்னவென்று கடைசியில் விளங்கும். சிறியவர்கள் பெரியவர்கள் எல்லோருமே அவரைக் காக்கா என்றோம், அண்ணன் முறையில். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரே இரவில் வெளியே வந்து எங்கள் புத்தளத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கான சனத்தில் அவரும் ஒருவர். கல்பிட்டி றோட்டோரம் அவர்கள் ஓலைக் குடிசை போட்ட இடத்தில் பிறகு கல்வீடுகள் வந்தன, பள்ளிவாசல் வந்தது, பாலர் பாடசாலை வந்தது. ஆனாலும் நாங்கள் அந்த இடத்தைக் கேம்ப் என்றுதான் சொல்லுவோம். யுத்தம் முடிந்த பிறகும் சொன்னோம்.

அந்த யுத்தம் முடிந்த காலத்தில்தான் அவர் எங்கள் பின்வளவுக் கொட்டிலை வாடகைக்கு எடுத்தார். அதற்கு முன் ஒரு கராஜில் லொறிகளுக்குப் பலகைப் பொடி, அதாவது மேற்கூடு, அடிக்கும் வேலை. கராஜ் மூடப்பட்டது. உளியும் வாளும் கையில் இருந்தன. பெரிய லொறிக்குப் பொடி அடித்த அதே கணக்கை வைத்துக்கொண்டு விளையாட்டு லொறி செய்யத் தொடங்கினார். நல்ல உயரமான மனிதர். அவ்வளவு பெரிய கையில் அவ்வளவு சின்ன லொறியைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும்.

சும்மா லொறி இல்லை. ஒரே லொறியை எத்தனையோ வாகனமாக மாற்றலாம். கீழே செசி, அதாவது சில்லுகள் பூட்டிய அடிச்சட்டம். அதன் மேல் கையகலத் தட்டு. தட்டில் நாலு துளை. மேலே எதை வைக்கிறோமோ அதன் அடியில் நாலு முளை. முளைகளைத் துளைகளில் இறக்கி, செசிக்கு அடியிலுள்ள ஒரு கட்டையைத் திருகினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் திருகினால் கையோடு வந்துவிடும். பிள்ளையின் பெருவிரலுக்குத் திரும்ப வேண்டும், ஆனால் ஓடும்போது கழலக் கூடாது. அந்த இறுக்கத்துக்காக அவர் நாள்கணக்காக மினக்கெடுவார்.

மேலே மாட்டுவதற்கு என்னென்ன வைத்திருந்தார்! கல்பிட்டி வெங்காய லொறிக்கு உயரமான கம்புக் கூடு. உப்பளத்து லொறிக்குச் சரிகிற தொட்டி. மீன் வேனுக்கு லேசான வெள்ளை ரெஜிபோமில் மூடியோடு ஐஸ் பெட்டி. கேம்ப் பிள்ளைகளுக்கு மட்டும் தண்ணிப் பவுசர், அங்கே தண்ணீர் கொண்டுவரும் தாங்கி லொறி. பேனை மூடியில் பைப் வைத்து, திறந்தால் நிசமாகவே தண்ணீர் ஒழுகும். கடலோர ஊரான உடப்புத் திருவிழாவுக்குப் போகும்போது வள்ளம் ஏற்றிய தட்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போவார். பெயின்ட் அடிப்பது என் வேலை. எனக்குக் கை நிதானம், சின்ன எழுத்துக்கூட அழகாக வரும். அவருடைய மனைவி சாமான்களைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைப்பார், நான் அடித்துக் காயவைத்துக் கொடுப்பேன்.

பிள்ளைகள் வந்தால் விலை சொல்ல மாட்டார். முதலில், "என்னத்த ஏத்தப் போற?" என்று கேட்பார். பிள்ளை சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் எதைக் காட்டுவது என்று யோசிப்பார். ஒரு பிள்ளை, "எங்கட உம்மாவ" என்றது. அதற்கென்று ஒரு கதிரை வைத்த தட்டு செய்தார். அந்த வகை பிறகு நன்றாக விலைப்பட்டது. கிழவிகள் இருக்கும் வீடுகளில் எல்லாம் அதைத்தான் கேட்டார்கள்.

முதல் முதல் அவர் செய்த லொறிகளில் தட்டின் நாலு துளையும் பளிச்சென்று வெளியே தெரியும். ஒரு நாள் கேம்ப் பக்கம் போன இடத்தில், ஒரு பொடியன் வெறும் செசியை நூல் கட்டி இழுத்துக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறார். அவன் வீட்டில் அதற்கு மட்டும்தான் வசதி. கூட விளையாடியவர்கள் வெங்காயக் கூடும் பவுசரும் வைத்துக்கொண்டு, "ஒடஞ்ச லொறி, ஒடஞ்ச லொறி" என்று அவனைச் சுற்றி ஓடினார்களாம். அவர் திரும்பி வந்து கொட்டிலில் குந்தியவர்தான். பகல் சோறு அப்படியே கிடந்தது. அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு, "நீங்களாவது கேளுங்க, யாரும் மவுத்தாப் போன மாதிரி இரிக்கிறார்" என்றார்.

"என்ன காக்கா?" என்று கேட்டேன்.

"நான் அந்தப் புள்ளைக்கு அரைவாசி லொறிய வித்திட்டன் தங்கச்சி" என்றார். "ஓட்டை தெரியிற லொறிய வித்தா, அது இல்லாததத்தானே ஊருக்குக் காட்டும்."

விற்ற லொறிகளைத் திருத்தித் தர வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினார். துளைகளுக்கு மூடி செய்தார். கறுப்புப் பெயின்ட் அடித்த சின்னச் சின்ன மூடிகள். வைத்துவிட்டால் பெரிய லொறித் தட்டில் இருக்கும் போல்ட் தலை மாதிரியே இருக்கும். தட்டுக்குச் சுற்றிவர விரல் உயரத்தில் ஓரச் சட்டமும் வைத்தார். இப்போது எதுவும் மாட்டாத செசி, எதுவும் மாட்டாதது மாதிரித் தெரியாது. அசல் தட்டு லொறி. மரம் ஏற்றலாம், கல் ஏற்றலாம். ஒன்றையும் ஏற்றாமலும் கம்பீரமாக ஓட்டலாம். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் அவருக்கு அது ஒரு சட்டமாகப் போய்விட்டது: எதைக் கழற்றினாலும் மிச்சம் இருப்பது முழு வாகனமாக இருக்க வேண்டும். 'தட்டு லொறிக் காக்கா' என்ற பெயர் அப்படி வந்தது. கோழிக்காலை ஊர் மறந்தது.

பெருநாள் சந்தையில் அவர் வியாபாரம் செய்வதைப் பார்த்தால் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு எரிச்சல் வரும். பிள்ளை ஒரு லொறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். தாய்க்கு வாங்க வழியிருக்காது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று, "இது நல்லமில்ல, வேற பாப்பம் வா" என்பாள். உடனே இவர், "ஓம் ஓம், இதுல சில்லு கோணல். நான்தான் கவனிக்காம வெச்சிட்டன்" என்று தன் சாமானுக்குத் தானே நொட்டை சொல்லுவார். பக்கத்தில் வாங்க நின்றவரும் லொறியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு தடவை நான் பொறுக்க முடியாமல், அந்தச் சில்லில் என்ன கோணல் என்று கேட்டேன். "ஒண்டுமில்ல" என்றார்.

இன்னொன்று. எங்கள் தெருவில் ஒரு பையனின் மூத்தவாப்பா, அவனுடைய தாத்தா, மவுத்தானார். அவருடைய ஜனாஸாவை, உடலை, பள்ளிவாசல் வேனில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்த பையன், கொட்டிலுக்கு வந்து அந்த வேன்தான் வேண்டும் என்று நின்றுவிட்டான். தாய் கேட்டு, தலையிலடித்துக்கொண்டு, "என்ட வீட்டுக்குள்ள அந்தச் சனியன் வரப்படாது" என்று கத்தினாள். காக்கா நாலு நாள் கழித்துப் பச்சை நிறத்தில் ஒரு நீளப் பெட்டி செய்தார். பின்பக்கம் இரட்டைக் கதவு. தாயிடம் அதைக் கொடுத்து, "இது பாண் வேன்" என்றார். ரொட்டிப் பாணின் படம் ஒன்றைக் கதவில் கீறித் தரும்படி என்னிடம் முன்னமே சொல்லியிருந்தார். பையனிடம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அவன் அதைத் திறந்து உள்ளே பார்த்தான், மூடினான், கலிமாச் சொல்லிக்கொண்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். தாய்க்குப் பாண் வேன் பிடித்திருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான் இப்படி இருந்தேன் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எங்கள் வீட்டில் அவர் சாமானுக்கு 'அகதி லொறி' என்று பெயர். வளையலும் விளையாட்டுச் சாமானும் விற்கும் நானாவின் பென்சிக் கடையில் அதற்கென்று ஒரு தட்டு உண்டு; கடைப் பொடியன்களிடம், "அகதி லொறில ரெண்டு எடு" என்பார். அகதிச் சந்தை, அகதிப் பள்ளி, அகதிப் பொண்ணு. இந்தச் சொல் எங்கள் வாயில் உப்பைப் போலக் கிடந்தது. கெட்ட எண்ணம் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டோம். அந்தப் பிள்ளைகளெல்லாம் பிறந்தது எங்கள் பிள்ளைகள் பிறந்த அதே புத்தளம் பெரியாஸ்பத்திரியில். அவர்களுடைய தாய்மாரில் பாதிப் பேருக்கே மன்னார் ஞாபகமில்லை. என்றாலும் அவர்கள் அகதி, நாங்கள் ஊர்.

கொழும்பிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்தார். ஏதோ நன்மைக்காக, கேம்பிலிருக்கும் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு அன்பளிப்புச் செய்ய ஆசை. நானா அங்கே உதவி செய்யும் சங்கத்துக்குத் தலைவர். கடையில் காக்காவின் லொறியைத் திருகிக் கழற்றி மாட்டிப் பார்த்த வியாபாரிக்குப் பிள்ளையைப் போலச் சந்தோசம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு லொறி, இரண்டு மேல்சாமானோடு, என்று அங்கேயே சொல்லிவிட்டார். இது நன்றாக அமைந்தால் தன் கொழும்புக் கடைகளிலும் போடலாம் என்றார். அப்படி நடந்தால் காக்கா சந்தை சந்தையாகச் சாக்குத் தூக்க வேண்டியதில்லை. அவருடைய மனைவி அன்று எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை. லொறியின் இரண்டு பக்கமும் பலகை வைத்து எழுத வேண்டும். 'அகதிப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பு', கீழே வியாபாரியின் பெயர்.

காக்கா அன்று மாலை நானாவைத் தேடி வந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஹாஜியார், பேர் போடுவம். அவர்ட பேர எவ்வளவு பெருசா வேணுமெண்டாலும் போடுவம். அந்த முதல் சொல்லு மட்டும் வேணாமே."

"எந்தச் சொல்லு?" என்றார் நானா. நிசமாகவே அவருக்கு விளங்கவில்லை.

காக்கா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "பிள்ளைகள் வெளையாடுற சாமான்" என்று மட்டும் சொன்னார்.

"அதெ எடுத்தா யாருக்குக் குடுத்ததெண்டு எப்பிடித் தெரியும்? படம் எடுத்து மத்த ஆக்களுக்குக் காட்டத்தானே அந்த மனுசன் குடுக்கிறார். ஒங்களுக்கும் பொழப்பு, புள்ளைகளுக்கும் சாமான். இதுல என்ன வந்த?"

அவர் மறுபடியும் வந்தார், பிறகு இன்னொரு நாளும் வந்தார். 'பாலர்களுக்கு' என்று போடலாமா, ஊர்ப் பெயரைப் போடலாமா என்று கேட்டார். கடைசியில் நானா, "ஏலாட்டிச் சொல்லுங்க, வேற ஆள் பாப்பம்" என்றார். காக்கா தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பலகைகளில் எழுதியது நான். கை நிதானம் என்று சொன்னேன் அல்லவா. வரிசையாகக் காயவைத்துப் பார்த்தபோது எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பலகைகளை எடுக்க அவரே வந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் முளை வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இதுக்கு ஆணி அடிக்கிறல்லயா காக்கா?"

"மேல மாட்டுறது எல்லாம் ஒரே முறதானே தங்கச்சி" என்றார்.

விழா பாலர் பாடசாலை முற்றத்தில். பந்தல், பூமாலை, வியாபாரி, நானா, பள்ளிவாசல் ஆட்கள், தாய்மார். நான் பட்டீஸ் தட்டோடு ஓரத்தில் நின்றேன். பிள்ளைகளுக்கு முதலில் லொறிகளைக் கொடுத்துவிட்டார்கள், அதுதான் பிழை. பேச்சுகள் நீண்டுகொண்டே போயின. கேம்ப் பிள்ளைகளின் கையில் காக்காவின் லொறி கிடைத்தால் அவை முதலில் செய்வது என்ன? அடியில் விரலைவிட்டுத் திருகுவதுதான். பவுசரைக் கழற்றி வெங்காயக் கூட்டை மாட்டினார்கள், கூட்டைக் கழற்றித் தட்டு லொறியாக்கினார்கள். பலகைகள் எல்லாவற்றுக்கும் முதலே கழன்றுவிட்டன. அந்தப் பலகைகளை என்ன செய்வதென்றும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். பேச்சு முடிந்து வியாபாரி படம் எடுக்க இறங்கி வந்தபோது, முற்றத்து மணலில் பலகைகளை ஒன்றோடொன்று அடுக்கி நீளமாக ஒரு றோட்டுப் போட்டிருந்தார்கள். அவருடைய பெயருக்கு மேலால் லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடின.

முதலில் யாரோ சிரித்துவிட்டார்கள். வியாபாரியின் முகம் மாறியது. நானாவின் முகம் அதைவிட மாறியது. அவர் போய் ஒரு சின்னப் பிள்ளையின் கையிலிருந்த பலகையைப் பறித்து, "யாரு கழட்டச் சொன்ன? குடுக்கிறதுக்கு மருவாதி தெரியாதா?" என்று சத்தம் போட்டார். பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. மற்றப் பிள்ளைகள் லொறிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தன. தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழும்பினார்கள்.

காக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"புள்ளைகள ஏசாதீங்க ஹாஜியார். பிழை என்ட. ஆணி அடிக்கோணும், நான்தான் விட்டிட்டன். தானாக் கழண்டு விழுந்திருக்கு."

"விட்டிட்டீங்களோ?"

"ஓம். அவசரத்துல வேல சரியாச் செய்யல்ல."

தன் வேலை சரியில்லை என்று. ஒரு முளையின் இறுக்கத்துக்காகச் சோறு தண்ணி மறப்பவர், நூறு பேர் முன்னால் நின்று சொன்னார். நானா வியாபாரியின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்க, "அகதிக்கு வேல குடுத்தா இப்பிடித்தான் சேர். கள்ள வேல" என்றார். அந்த முற்றத்தில் நின்றவர்களில் பாதிக்குமேல் அவர் சொன்ன அதே ஆட்கள். காக்கா தலையைக் குனிந்துகொண்டு மணலில் கிடந்த பலகைகளைப் பொறுக்கினார். அவர் அவற்றை எவ்வளவு கவனமாக முளை வைத்துச் செய்தார் என்று எனக்குத் தெரியும். நானா என் கூடப்பிறந்தவர். ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நான் பட்டீஸ் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

வியாபாரியைச் சமாதானப்படுத்த நானா ஒரு வழி சொன்னார். காக்கா வீடு வீடாகப் போய்ப் பலகைகளை ஆணி வைத்து அடிக்க வேண்டும். அடித்த லொறியோடு ஒவ்வொரு பிள்ளையையும் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். வீடுகளுக்குள் போகப் பெண்பிள்ளை வேண்டுமென்று நானா தன் போனை என் கையில் தந்தார். அந்தக் கொழும்பு வேலை கடைசிவரை வரவேயில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காக்கா முன்னால் நடந்தார், தோளில் சாமான் பை. நான் அவர் மனைவியோடு பின்னால். ஒவ்வொரு வாசலிலும் சலாம் சொல்லி, தாயிடம் இல்லை, பிள்ளையிடம்தான் கேட்பார்: "ஒரு சின்ன வேல இரிக்கி, லொறியத் தருவியா?" பலகை வெடிக்காமலிருக்க முதலில் துளை போடுவார். ஆணியை அடித்து, உள்ளே வந்த முனையை மடக்கி, பிள்ளையின் கையைக் கீறாமலிருக்க அரத்தால் தேய்ப்பார். தன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நான் படம் எடுப்பேன். பிள்ளைகள் உடனே அடியில் விரலைவிட்டுத் திருகிப் பார்க்கும். பலகை அசையாது. அவை அவருடைய முகத்தைப் பார்க்கும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

ஒரு வேலியோரம் நிழலுக்கு நின்றபோது எனக்கு அடக்க முடியவில்லை.

"வேணுமெண்டுதானே காக்கா அப்பிடிச் செஞ்சீங்க? அத அண்டைக்கே சொல்லியிருந்தா ஒங்கட வேலையாவது பிழையில்லாமப் போயிருக்குமே. ஏன் சொல்லல்ல?"

அவர் அரத்தைத் துடைத்தார்.

"சொன்னா, ஏன் கழட்ட வெச்ச எண்டு கேப்பாங்க. அந்தச் சொல்லுக்காண்டி எண்டு நான் சொல்லோணும். புள்ளைகள் எல்லாம் நிண்டதுகள் தங்கச்சி. அதுகளுக்கு இன்னம் வாசிக்கத் தெரியா. படிச்சு எழுத்துக் கூட்டுறதுக்கு முன்னுக்கு அந்தப் பலகையெல்லாம் தொலைஞ்சு போயிரும் எண்டு நெனச்சன். எங்களுக்குத்தான் இந்தப் பேரு. அதுகளுக்கு இன்னம் ஒட்டல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. என் பையில் மிச்சப் பலகைகள் இருந்தன, என் கையெழுத்தில். நானாவின் போன் என் கையில் சூடாக இருந்தது. போதும் காக்கா, திரும்பிப் போவோம், நானாவிடம் நான் பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நானாவின் கோபமும் ஞாபகம் வந்தது. நடந்தேன்.

கடைசி வீடுகளில் ஒன்றில் ஒரு சின்னப் பெண். மூத்த சகோதரி பள்ளிக்கூடம் போகிறாள். அவளிடமிருந்து இவளும் எழுத்துப் பிடித்துவிட்டாள் போல. காக்கா ஆணி அடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தாள். லொறியை வாங்கியதும் திருகிப் பார்க்கவில்லை. பலகையில் விரலை வைத்தாள்.

"அ" என்றாள்.

காக்காவின் கை பையின் வாயில் அப்படியே நின்றது.

"அ... க... தி." தலையை நிமிர்த்தினாள். "மாமா, அகதியெண்டா யாரு?"

தாய் வாசலில் நின்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் மனைவி வேறு பக்கம் பார்த்தார்.

காக்கா அந்தப் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தார்.

"நான்தான் மகள்" என்றார். "லொறி செஞ்சவன்ட பேர அதுல போட்டிரிக்கி."

"ஒங்கட பேரா?"

"ஓம்."

பிள்ளை திருப்திப்பட்டுவிட்டது. லொறியைத் தூக்கிப் பலகையைப் படத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது. நான் படம் எடுத்தேன். நாங்கள் வேலிப் படலையைக் கடக்கும்போது, அது பின்னாலேயே ஓடிவந்து, ஊருக்கே கேட்கிற சத்தத்தில், "அகதி மாமா, போயிட்டு வாங்க!" என்று கூப்பிட்டது. தெருவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார், கையை உயர்த்தி, "வாறன் மகள்" என்றார்.